பின்சக்கரத்தின் கீழே

வலது பின்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. பெரிய குலுக்கல் ஒன்றுமில்லை. இருக்கை லேசாகத் தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். கரும்பாக இருக்கும் என்று டெல்ஃபின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சர்க்கரை ஆலை ஓடுகிற காலம். நீக்ரோஸ் தீவின் அந்தக் கடலோரச் சாலை நெடுக, பாரம் தாங்காத லாரிகள் உதிர்த்துவிட்டுப் போன கரும்புகள் நசுங்கிக் கிடந்தன. கரும்பேதான். ஆனால் கரும்பின் மேல் ஏறினால் மொறுக்கென்று ஒரு சத்தம் வருமே, வந்ததா? வரவில்லை. மெத்தென்று அல்லவா இருந்தது. கரும்பு எங்காவது மெத்தென்று இருக்குமா?

பக்கக் கண்ணாடியில் பார்த்தான். சாலை வெறுமையாகக் கிடந்தது. வெறுமையாகக் கிடப்பதும் பயமாக இருந்தது. இடிபட்டவன் சாலையிலேயே கிடப்பான் என்று என்ன இருக்கிறது? ஓடைப்பள்ளத்தில் உருண்டு விழுந்திருக்கலாம். நாணல் உயரமாக வளர்ந்திருக்கிற இடம் அது. உள்ளே ஒரு ஆள் விழுந்து கிடந்தால் வெளியே தெரியாது. அடுத்த வளைவு வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். நாணலுக்குள் யாரோ முனகுவது அவன் காதில் விழுந்தது. ஓடுகிற வண்டிக்குள் அது எப்படிக் கேட்கும் என்று அறிவு கேட்டது. அறிவு கேட்பதை வயிறு எப்போது மதித்திருக்கிறது? வண்டியைத் திருப்பினான்.

அந்த இடத்தில் இறங்கி நாணலை விலக்கிப் பார்த்தான். பள்ளத்துக்குள் இறங்கி, சேற்றில் கால் புதைய, இரண்டு பக்கமும் நடந்தான். பிறகு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து சக்கரத்தை உள்ளங்கையால் துடைத்து மோந்து பார்த்தான். மண்ணும் கரும்புச்சாறும் மணத்தன. ரத்தம் இல்லை. நெஞ்சு கொஞ்சம் இளகியது. ஏறி உட்கார்ந்து கிளம்பினான். கால் மைல் போயிருக்க மாட்டான், அடுத்த எண்ணம் வந்து கழுத்தைப் பிடித்தது: திருப்பி வந்த அவசரத்தில், கண் முழுக்கப் பள்ளத்திலேயே இருந்ததே, அப்போது யாரையாவது இடித்திருந்தால்?

மீன்பிடித் துறைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது, பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே உமி மூடியிருந்த ஐஸ் பாளங்கள் பாதியாய்ச் சிறுத்து முனை மழுங்கி, வண்டியின் பின்பக்கமெல்லாம் தண்ணீராய் ஒழுகிக்கொண்டிருந்தன. மீன் வியாபாரி பெபாங் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஐஸ் கொண்டு வந்தியா, குடிக்கத் தண்ணி கொண்டு வந்தியா டெல்ஃபின்? வழியில எந்தப் பொம்பள வீட்டுல எறங்கிப் படுத்துட்டு வர்ற?"

கூடை சுமக்கிற பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். முட்டியில் சேறு காய்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. சின்ன வயதில் ஜெபம் சொல்லும்போது ஒரு வார்த்தை தவறிவிட்டதாகத் தோன்றினால் முதலிலிருந்து சொல்லுவான். கல்யாணமான புதிதில், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பான். மனைவி லியோனிசா கேலி செய்வாள். அவள் பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவள், அடுப்பை அணைக்கத் தெரியாதவள் இல்லை. பிறகு அதெல்லாம் போய் இது வந்தது. ஐஸ் ஆலை வண்டி ஓட்டத் தொடங்கி, இத்தனை வருஷத்தில் ஒரு கோழிகூட அவன் சக்கரத்தில் சிக்கியதில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. இவ்வளவு நாள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நடக்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வீட்டுக்கு வந்ததும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"நிசா, நான் யாரையும் இடிச்சிருக்க மாட்டேன்ல?"

"இடிக்கல."

"பள்ளத்துல நல்லாத்தான் பாத்தேன். ஆனா மதகுக்கு அந்தப் பக்கம் பாக்கல."

"அங்க யாரும் இல்ல, டெல்ஃபின்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ வண்டியில இல்லையே."

"அப்ப எதுக்கு என்கிட்ட கேக்கற?"

"சும்மா சொல்லு. ஒரே ஒரு தடவ."

"நீ யாரையும் இடிக்கல. சாப்பிடு."

அந்த வார்த்தை, காய்ந்த கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி சுர்ரென்று குளிர்ந்து, அவன் கவளத்தை வாயில் வைப்பதற்குள் ஆவியாகிவிடும். மறுபடி கேட்பான். அவளும் சொல்லுவாள். முகம் பார்க்காமல் சொன்னால் முகம் பார்த்துச் சொல்லச் சொல்லுவான். ஊர்க் காவல் நிலையத்துக்கும் சில தடவை போயிருக்கிறான். அங்கே சார்ஜென்ட் கடாலின், வெளியூரில் தங்கிப் படிக்கிற டெல்ஃபினின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவு முறையில் இருவரும் ஒருவரையொருவர் 'பரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "போன தடவ ஒரு பொம்பளைன்ன. அதுக்கு முன்னாடி கன்னுக்குட்டின்ன. இன்னிக்கு யாரு பரே, மேயரா?" என்று காப்பி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைப்பார்.

பெபாங் வேறு ஐஸ்காரனைத் தேடிக்கொள்ளப் போவதாக ஐஸ் ஆலைக்குச் சொல்லி அனுப்பிய அன்று, லியோனிசா தட்டை அவன் முன்னால் வைக்கவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள் எங்கயும் திரும்பாம நேரா போ. எனக்காகச் செய். செத்துட மாட்ட."

"நான் சாக மாட்டேன். அதான் பயமே."

"நம்ம மகமேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். மறுநாள் போனான். சின்னப் பாலத்தைத் தாண்டியதும் எதன் மீதோ ஏறி இறங்கியது. மாலை வெயில் இன்னும் கரும்புத் தோகைகளின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. திரும்பவில்லை.  மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். துறையில் பெபாங் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, "அடடே, இன்னிக்கு ஐஸ் ஐஸாவே இருக்கு! அந்தப் பொம்பள வெரட்டி விட்டுட்டாளா?" என்றாள். கூடவே நல்ல மீனாக ஒன்றைப் பொறுக்கி அவன் கையில் திணித்தாள். லியோனிசா அதை இஞ்சியும் முருங்கைக்கீரையும் போட்டுக் கொதிக்க வைத்தாள். இருவரும் புதிதாய்க் கல்யாணமானவர்கள் போலச் சாப்பிட்டார்கள். படுக்கும்போது அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.  சத்தியத்தை முழுசாய்க் காப்பாற்றிவிட்ட பெருமை.

காலையில் கருவாடும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வானொலி சொன்னது. சின்னப் பாலத்துக்கு அருகே சாலையோரத்தில் ஒரு முதியவரின் உடல் கிடைத்திருக்கிறது. பாப்லிங் என்று பெயர், கரும்பு வெட்டும் கூலி. ஏதோ வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அதற்குப் பிறகு சோப்பு விளம்பரம் பாடியது.

டெல்ஃபின் கையிலிருந்த கருவாட்டை மெல்லத் தட்டில் வைத்தான். அவனுக்குள் ஏதோ ஒன்று, இத்தனை வருஷமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஒன்று, தாழ்ப்பாளை உடைத்து உள்ளே வந்து நின்றது. நான்தான் சொன்னேனே என்றது. லியோனிசா அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் அவன் வாசலைத் தாண்டியிருந்தான். செருப்புகூட மாட்டவில்லை.

சார்ஜென்ட் கடாலின் அன்று பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குக் காவல் பணிக்குப் போயிருந்தார். நிலையத்தில் இருந்தது மாற்றலாகி வந்திருந்த ஒரு இளம் அதிகாரி. டெல்ஃபினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருவன் வெறுங்காலோடு ஓடி வந்து, கையை நீட்டி, "நேத்து பாலத்துப் பக்கம் நான்தான் சார் ஏத்தினேன். ஏத்தினது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நிக்கல" என்று அழுதால் எந்த அதிகாரிதான் வேண்டாம் என்பார்? வண்டியைக் கைப்பற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவனை உள்ளே போட்டுப் பூட்டினார்கள். சாலையில் தேடிக்கொண்டிருந்த ஆட்களைத் திரும்பி வரச் சொன்னார் அதிகாரி.

அறைக்குள் ஈரமும் மூத்திர வாடையும் அடித்தன. டெல்ஃபின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தான். அழுகை நின்றிருந்தது. வெளியே சொல்ல வெட்கப்படும்படியான ஒரு நிம்மதி அவன் உடம்பில் பரவியது. இனிமேல் 'இருக்குமோ' இல்லை. இருந்தாயிற்று. திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய சாலை எதுவும் பாக்கியில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

எழுப்பியபோது கம்பிக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். குட்டையான, ஒடுங்கிய உடம்பு. வெளுத்த தலைமுடியை உச்சியில் முடிந்திருந்தாள். கரும்புக் காட்டில் வெட்டுக்கூலிக்குப் போகிறவர்கள் வெயிலுக்குப் போடுகிற நீளக்கைச் சட்டை. ஊரே அக்கா என்ற முறையில் மனாங் என்று கூப்பிடும் கொன்சிங் அது, பாப்லிங்கின் மனைவி, என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டெல்ஃபின் முழங்காலில் விழுந்தான்.

அவள் கம்பிக்கு அருகே வந்தாள்.

"விடியிற வரைக்கும் உசுரு இருந்திருக்குன்னு சொல்றாங்க, டோங்" என்றாள், தம்பி என்று கூப்பிடுகிற மாதிரி. குரலில் கோபம் இல்லை. "பனியில கெடந்திருக்காரு. யாராவது வருவாங்கன்னு பாத்திருப்பாரு. நீ ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா போதும்."

 கம்பிக்குள் கைவிட்டு அவள் கால் பெருவிரலைத் தொட்டான்.

"மன்னிச்சுட்டேன், போ. எனக்காக இல்ல. எனக்கு மனசு வரல. அவரு இருந்தா அப்பிடித்தான் சொல்லியிருப்பாரு. குடிக்காதவரு, யாரையும் ஏசாதவரு." அதையும் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

மறுநாள் கடாலின் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் கம்பிக்கு முன்னால் நின்று அவனைப் பார்த்த பார்வையில் பழைய கேலி இல்லை. ஊர் திரும்பியதும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பாப்லிங் அன்று தேவாலயத்தில் நவநாள் ஜெபம் முடிந்து, வெளிச்சம் போன பிறகுதான் கிளம்பியிருக்கிறார். அந்த நேரத்தில் டெல்ஃபின் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐஸ் வண்டியில் ஒரு கீறல் இல்லை. உடலுக்குப் பக்கத்தில் உடைந்து கிடந்தது பெரிய லாரியின் முன்விளக்குக் கண்ணாடி. கரும்பு லாரி ஒன்று ஒற்றைக் கண்ணோடு போனதைச் சாலையோரக் கடைக்காரி பார்த்திருக்கிறாள். கேட்டால் சொல்லியிருப்பாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

"லாரி கெடைச்சுது பரே. கழுவி, புது விளக்கு மாட்டி நிக்குது. ஓட்டினவன் நேத்து சாயங்காலம் மிந்தனாவோவுக்குக் கப்பல் ஏறிட்டான். நீ இங்க உக்காந்து அழுதுட்டு இருந்தியே, அந்த நேரத்துல."

டெல்ஃபின் கேட்டான். கேட்டுவிட்டு, அவனே அருவருக்கும் குரலில் சொன்னான்: "ஒருவேளை அவன் இடிக்கிறதுக்கு முன்னாடி நானும் வேற யாரையாவது..."

கடாலின் கம்பியைக் கையால் ஓங்கி அடித்தார். "போதும் டெல்ஃபின்! போதும்!" அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பு எம்மேலயும் இருக்கு. காப்பி குடுத்துக் குடுத்தே அனுப்பினேன். நீ சீக்காளின்னு எனக்குத் தோணவே இல்ல."

வெளியே லியோனிசா காத்திருந்தாள். அவனுடைய செருப்பைக் கையில் வைத்திருந்தாள். அவன் அதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து மனாங் கொன்சிங் சாலையைக் கடந்து வருவதைப் பார்த்தான். அவளுக்கும் செய்தி போயிருந்தது. இன்றைக்கு அவள் எதையும் பிடித்துக்கொண்டு நடக்கவில்லை.

"உனக்கு என்ன வேணும்னு இங்க வந்த?" என்றாள். "எம்புருஷன் சாவு உனக்கு எதுக்கு? ஆளு கெடைச்சான்னு போலீசு கையக் கட்டிட்டு உக்காந்துட்டாங்க. ராத்திரி பூரா நான் உன் மூஞ்சியையே நெனச்சு அழுதேன். ஒரு கெட்டவன் மூஞ்சியா அது இல்லையேன்னு அழுதேன்."

"மனாங்..."

"நேத்து உங்கிட்ட ஒண்ணு சொன்னேன்ல. மன்னிச்சேன்னு. அது என் வாய்ல எப்படி வந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவ வராது. அத எனக்குத் திருப்பிக் குடு."

எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை விரித்துக்கொண்டு நின்றான். அவள் அந்த வெறுங்கைகளைப் பார்த்துவிட்டுப் போனாள். இதுவரை செய்யாத குற்றங்களுக்காக எத்தனையோ பயந்திருந்தான். செய்த குற்றம் ஒன்று இப்படி, ரத்தமும் சத்தமும் இல்லாமல், தெருவில் நட்டநடுப் பகலில் நிற்கும் என்று அவன் எண்ணிப் பார்த்ததில்லை.

துமகெத்தே நகரத்தில், கடலைப் பார்த்த ஒரு மாடி அறையில், மனநல டாக்டர் லுமாயாக் அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். சிரித்தால் ஈறு தெரியும். நடுவில் அவன் விட்டதை லியோனிசா சேர்த்தாள், அவன் மறைத்ததைச் சொன்னாள்.

"நான் பைத்தியமா டாக்டர்?"

"இல்ல. இதுக்குப் பேரு ஓசிடி. சந்தேக நோய்னு வெச்சுக்குங்க. வேண்டாத நெனப்பு எல்லார் மண்டையிலயும்தான் வருது. பாலத்துல நடக்கறப்ப, குதிச்சா என்னன்னு எனக்கும் தோணும். தோணிட்டு அது பாட்டுக்குப் போயிடும். உங்களுக்கு அது போக மாட்டேங்குது. தெரு நாய் மாதிரி வாசல்ல வந்து நிக்குது. நீங்க ஒவ்வொரு தடவ திரும்பிப் போய்ப் பாக்கறப்பவும் அதுக்கு ஒரு வாய் சோறு போடறீங்க. சோறு போட்டா நாய் போகுமா?"

"பாக்கலேன்னா நெஞ்சு வெடிச்சிரும் டாக்டர்."

"வெடிக்கற மாதிரி இருக்கும். வெடிக்காது. பயம் மலை மாதிரி ஏறும், ஏறிட்டு அதுவா எறங்கும். அது எறங்கற வரைக்கும் நீங்க ஒரு நாளும் பொறுத்துப் பாத்ததில்ல. அதத்தான் பழகப் போறோம். மாத்திரையும் தர்றேன். அது வேல செய்யச் சில வாரம் ஆகும், மொதல்ல வயித்தப் பொரட்டும், தூக்கம் வந்தா அந்த நாள் வண்டி எடுக்காதீங்க. பொரட்டுதுன்னு பாதியில நிறுத்திடாதீங்க."

டெல்ஃபின் முன்னால் குனிந்தான். அவன் வந்ததே இதற்காகத்தான். "அப்ப, டாக்டர்... நான் யாரையும் இடிச்சதில்லதானே?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்."

"ஒரு வார்த்தைதானே."

"அதுவும் ஒரு வாய் சோறு." பிறகு லியோனிசாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் இனிமே சொல்லக் கூடாது."

லியோனிசாவின் முகம் வெளிறியது. இத்தனை வருஷமாக அவனுக்கு அவள் ஊட்டி வந்த மருந்து அது ஒன்றுதான். அதைத்தான் விஷம் என்கிறாள் இந்தப் பெண்.

மாத்திரை சொன்னபடியே வயிற்றைப் புரட்டியது. சோற்று வாடை பட்டாலே குமட்டியது. கொட்டாவி கொட்டாவியாய் வந்தது. பலன் ஒன்றும் தெரியாமல் நாட்கள் போயின. பிறகு ஒரு நாள், பக்கத்து வீட்டில் அலறிக்கொண்டிருந்த வானொலியை யாரோ சற்றே குறைத்துவைத்த மாதிரி இருந்தது. அணைக்கவில்லை. பாட்டு இன்னும் கேட்டது, ஆனால் சுவர் அதிரவில்லை.

பயிற்சிதான் நரகமாக இருந்தது. முதலில், நிற்கிற வண்டியில் உட்கார்ந்து, "நான் யாரையாவது இடிச்சிருக்கலாம், எனக்குத் தெரியாது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இறங்கிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐஸ் ஆலையின் முற்றத்தில் உமி மூட்டைகளைப் போட்டு அவற்றின் மேல் ஏற்றி இறக்க வேண்டும். காவல்காரன் சிரித்தான். டெல்ஃபினுக்கு உள்ளாடை வரை வேர்த்தது. மூட்டையின் மெத்தென்ற அந்தத் தொடுதல் முதுகுத்தண்டு வழியாக ஏறியது. பிறகு சாலை. ஒரு சனிக்கிழமை டாக்டரே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, கரும்புத் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டே வந்தாள். சக்கரம் எதன் மேலோ ஏறியது.

"டாக்டர்!"

"ம்."

"ஏதோ ஏறுச்சு."

"ஏறுச்சு."

"ஆளா இருந்தா?"

"இருக்கலாம். கண்ணுக்கு ஏதாவது தெரிஞ்சா உடனே நிறுத்துங்க, எறங்குங்க, கூப்பிடுங்க. அது மனுஷன் செய்யறது. மனசு மட்டும் சொன்னா நிறுத்தாதீங்க. இப்ப கண்ணு சொல்லுதா, மனசு சொல்லுதா?"

அவன் அழுதுகொண்டே ஓட்டினான். துறை வந்தபோது மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. பெபாங் அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் இருந்த பெண்ணையும் பார்த்துவிட்டு, ஐஸை இறக்கச் சொன்னாள். பயம் எங்கேயோ உச்சியில் நின்றது. பாளங்களை இறக்கி முடிக்கும் நேரத்தில், எப்போது என்று தெரியாமல், அது கொஞ்சம் இறங்கியிருந்தது. நம்ப முடியாமல் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தான்.

வீட்டில்தான் இன்னும் கடினம். "நிசா, சொல்லேன்" என்பான். அவள் உதட்டை மடித்துக்கொள்வாள். "தெரியாது, டெல்ஃபின்" என்பாள். டாக்டர் சொல்லிக் கொடுத்த பதில் அது. ஒரு நாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டான். "உன் வாயில முத்தா உதிரும்? இடிக்கலன்னு சொல்லுடி!" அவள் கையை உதறிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்கு அடியில் அழுதாள். அவன் வாசலிலேயே நின்றான். அந்த அழுகை கேட்டது. அவளும் பயந்தவள்தான் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பதில் சொல்லாமலிருக்க அவளுக்கும் ஒரு மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது. சில நாட்கள் அவன் தோற்றான். திருப்பிக்கொண்டு போய் நாணலுக்குள் இறங்கினான். அதை மறைக்காமல் டாக்டரிடம் சொன்னான். "நாளைக்கு மறுபடி" என்றாள் அவள்.

அடுத்த வெட்டுக் காலம் வந்தது. கரும்பு லாரிகள் மறுபடியும் சாலையை நிறைத்தன. மிந்தனாவோவுக்குப் போனவன் கிடைக்கவில்லை. கடாலின் இன்னும் தேடுவதாகச் சொன்னார். தேடுவதாகச் சொல்வதை மட்டும் விடவில்லை. டெல்ஃபின் இப்போதெல்லாம் பெரும்பாலும் திரும்பாமல் போனான். பயம் கூடவே வந்தது, முன்னைப் போல ஸ்டியரிங்கைப் பிடுங்காமல்.

அன்று பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தேவாலயத்து மேட்டில், ஊர்வண்டியான ஜீப்னியைத் தவறவிட்ட யாரோ தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு கையை நீட்டினார்கள். நிறுத்தினான். கோணியை விலக்கியபோது அது மனாங் கொன்சிங். அவளும் அப்போதுதான் அவனைப் பார்த்தாள். முதல் துளிகள் கண்ணாடியில் பட்பட்டென்று விழுந்தன. அவள் சாலையின் இரு பக்கமும் பார்த்தாள். வேறு வண்டி எதுவும் வரவில்லை. கதவைத் திறந்து ஏறி, எவ்வளவு ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"துறை வரைக்கும்" என்றாள்.

"சரி, மனாங்."

மழை வலுத்தது. வைப்பர் ஒரு பக்கம் தேய்ந்து, அவள் முன்னால் மட்டும் கண்ணாடியைச் சரியாகத் துடைக்கவில்லை. சின்னப் பாலம் வந்தது. அவள் நெற்றியில் சிலுவை இட்டுக்கொண்டாள். அவனும் இட்டுக்கொண்டான். பாலம் போயிற்று. ஏதாவது பேச வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அவள் கேட்டதைத் திருப்பிக் கொடுக்கும் வழி இன்னும் தெரியவில்லை என்றாவது சொல்ல வேண்டும். சொல்லை அவன் தேடிக்கொண்டிருந்தபோது வலது பின்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன அது?"

அவன் கண்கள் சாலையில் இருந்தன. முன்னால் எதையும் அவை பார்த்திருக்கவில்லை. அது நிச்சயம். நிச்சயமா? மழையில்? 

"தெரியல, மனாங்."

"நிறுத்தலையா?"

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு... நான் நிறுத்தக் கூடாது. எனக்கு ஒரு சீக்கு இருக்கு, மனாங். டாக்டரு..." தன் குரல் தன் காதிலேயே எப்படி விழுகிறது என்பதைக் கேட்டு நிறுத்திக்கொண்டான். அவள் புருஷனை இடித்தவனும் இப்படித்தான், இதே சாலையில், நேராகப் பார்த்துக்கொண்டு போயிருப்பான். அவனுக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கும். அவள் அதைத்தான் நினைக்கிறாள் என்று டெல்ஃபினுக்குத் தெரிந்தது.  ஆக்சிலரேட்டரிலிருந்து காலை அவன் எடுக்கவில்லை.

 மனாங் கொன்சிங் ஜன்னல் கண்ணாடியைச் சுழற்றிச் சுழற்றி இறக்கினாள். மழை உள்ளே அடித்தது. இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டு தலையையும் தோளையும் வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நனைந்து முதுகோடு ஒட்டிய சட்டையும், அவிழ்ந்து கழுத்தில் விழுந்த வெள்ளை முடியும்தான் அவனுக்குத் தெரிந்தன. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.  அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

அவள் தலையை உள்ளே இழுத்தாள். கண்ணாடியை ஏற்றினாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை, தாடையிலிருந்து தண்ணீர் மடியில் இருந்த கோணியின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. என்ன பார்த்தாள் என்று அவள் சொல்லவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை. இருவரும் முன்னால் பார்த்தார்கள். அறுத்து எரித்த வயலின் கறுப்பில், மழையில் நனைந்தபடி, வெள்ளைக் கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றிருந்தன. வண்டி நெருங்க நெருங்க ஒவ்வொன்றாய்த் தலையைத் திருப்பின. எதுவும் பறக்கவில்லை.